திட்டப்பணியைக் கட்டங்களாகப் பிரிக்கும்போது எல்லைகளை எங்கே வைப்பது?

பல கிளைகள் கொண்ட ஒரு நிறுவனத்தின் பழைய பதிவேட்டு மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை நிறுவ வேண்டும், ஓராண்டு அவகாசம், முதல்முறையாக முழுப் பொறுப்பும் உங்களிடம் வந்திருக்கிறது. பயிற்சியில் கொடுத்த குறிப்பு ஐந்து கட்டங்கள் என்கிறது, மேலாளர் தந்த மாதிரி அட்டவணையில் ஏழு இருக்கின்றன, சக ஊழியர் ஒருவரோ கட்டமே வேண்டாம், இரண்டு வாரச் சுற்றுகள் போதும் என்கிறார். எது சரி, ‘கண்காணிப்பு’ என்ற கட்டத்தை எந்த மாதத்தில் போடுவது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதக் காலம் ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? அதற்கு விடை கிடைத்தால் எண்ணிக்கை தானாக வந்துவிடும். கட்டுமானப் பணிகளிலும் பிறகு மென்பொருள் பணிகளிலும் திட்டமிடலையே தொழிலாகச் செய்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். மருந்து ஆய்வு போன்ற துறைகளில் கட்டங்களை ஒழுங்குமுறை அமைப்புகளே வகுத்திருக்கின்றன. அங்கே அவர்கள் விதிதான் செல்லும், என் யோசனைகளுக்கு அங்கே இடமில்லை.

முதலில் அந்த ஐந்தைப் பார்த்துவிடலாம். தொடங்குதல், திட்டமிடுதல், செயல்படுத்துதல், கண்காணித்துக் கட்டுப்படுத்துதல், முடித்தல் என்ற வரிசை, 1969-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட வழிகாட்டி நூலின் மூலம் உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த நூலிலேயே இவை கட்டங்கள் அல்ல, செயல்முறைகளின் தொகுதிகள் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். பயிற்சி வகுப்புகளில் அந்த வரி உதிர்ந்துபோய், ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் காலப்பகுதிகள்போல் கற்பிக்கப்படுகின்றன. உண்மையில் இந்த ஐந்தும் ஒவ்வொரு கட்டத்துக்கு உள்ளேயும் நடப்பவை. வடிவமைப்புக் கட்டம் என்று ஒன்று வைத்தால், அதைத் தொடங்க ஓர் அனுமதி வேண்டும், அதற்கென ஒரு திட்டம் வேண்டும், வேலை நடக்க வேண்டும், நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், முறையாக முடித்துவைக்கவும் வேண்டும். எனவே கண்காணிப்பை எந்த மாதத்தில் போடுவது என்ற கேள்விக்கு நேரான பதில், எந்த மாதத்திலும் தனியாகப் போட வேண்டாம் என்பதே. முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அது ஓடிக்கொண்டிருக்கும். அட்டவணையில் அதற்கென ஒரு பட்டை வரைந்திருந்தால் அழித்துவிடுங்கள். அந்தப் பட்டை அங்கே இருக்கும்வரை, அதற்கு முந்தைய மாதங்களில் யாரும் எதையும் கவனிக்க வேண்டியதில்லை என்று குழு நினைத்துக்கொள்ளும்.

அப்படியானால் கட்டம் என்றால் என்ன? நான் கைக்கொள்ளும் வரையறை இது: ‘மேலே போகலாமா, மாற்றிப் போகலாமா, இத்துடன் நிறுத்தலாமா’ என்று ஒருவர் உண்மையாகவே முடிவெடுக்கக்கூடிய இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள வேலைதான் ஒரு கட்டம். முடிவெடுக்க வேண்டிய இடம் இல்லாவிட்டால், காலண்டரில் எத்தனை கோடுகள் போட்டாலும் அவை வெறும் மாதக் குறிகள்தான். இதைத் தெளிவாகச் செய்துவருவது நாசா. அங்கே விண்வெளித் திட்டப்பணிகள் கருத்தாய்வில் தொடங்கி, ஏ முதல் எஃப் வரை எழுத்திட்ட கட்டங்களாகப் போகின்றன. கருத்தாய்வுக்குப் பின் வரும் ஏ, பி கட்டங்கள் திட்டத்தை வகுக்கும் பகுதி. சி முதல் எஃப் வரை நிறைவேற்றப் பகுதி. பி முடிந்து சி தொடங்கும் இடத்தில்தான் ‘இவ்வளவு செலவில், இந்த நாளில் தருகிறோம்’ என்று நிறுவனம் முறையாக வாக்குக் கொடுக்கிறது. பூர்வாங்க வடிவமைப்பு முடிந்து, தேவையான தொழில்நுட்பம் கைவசமானது என்று நிரூபித்த பிறகே அந்த வாக்கு. ஏ கட்டத்திலேயே அதைக் கேட்டு வாங்கிவிட்டால் பின்னால் வரும் எல்லைகள் எல்லாம் சடங்காகிவிடும்.

எல்லை இருந்தால் மட்டும் போதாது, அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு சிட்னி ஓப்பரா ஹவுஸை நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். அந்தப் பணி மூன்று கட்டங்களாகத்தான் நடந்தது: 1959-இல் தொடங்கி அடித்தள மேடை, 1963 முதல் சிப்பிபோல் வளைந்த பெரிய கூரை ஓடுகள், 1967 முதல் உட்புறம். காகிதத்தில் பார்த்தால் நேர்த்தியான பிரிப்பு. ஆனால் மேடையைக் கட்டத் தொடங்கியபோது, அதன்மேல் உட்காரவேண்டிய கூரையை எப்படிக் கட்டுவது என்றே முடிவாகவில்லை. மக்களின் ஆதரவும் பணமும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில் அரசு அவசரப்படுத்தியது. கூரை ஓடுகள் அனைத்தையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டியெடுக்கலாம் என்ற தீர்வு 1961-இல்தான் கிடைத்தது. மேடைக்காக ஏற்கெனவே எழுப்பியிருந்த தூண்கள் அந்தக் கூரையின் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்து, அவற்றை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. 1963-இல் முடிய வேண்டிய பணி 1973-இல் திறப்புவிழா கண்டது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்ற மதிப்பீடு 10 கோடியே 20 லட்சத்தில் போய் நின்றது. அழகான கட்டடம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த எல்லைகள் கட்டடத்தின் பாகங்களை வைத்துப் போடப்பட்டவை. எது தெரியும், எது இன்னும் தெரியாது என்பதை வைத்துப் போட்டிருந்தால், கூரையின் கணக்கு முடியும்வரை தூண் எழும்பியிருக்காது.

எனவே எல்லையை வைக்க நான் தேடும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று, பெரிய சந்தேகம் ஒன்று தீர்ந்து தெளிவு பிறக்கும் இடம். மற்றொன்று, அதைத் தாண்டினால் திரும்பி வருவதற்குப் பெருஞ்செலவு ஆகும் இடம். இரண்டாவது வகையிலான எல்லை, முதல் வகைக்குப் பின்னால் வர வேண்டும். பெரும்பாலான திட்டப்பணிகளின் தொல்லையை இந்த ஒரு வரிசை மாறிக் கிடப்பதிலேயே பார்த்துவிடலாம்.

இதில் எது உறுதியானது, எது அவ்வளவு உறுதியில்லாதது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஆளும் பணமும் குறைவாகத் தேவைப்படும், நடுவில் உச்சம் தொடும், முடிவில் இறங்கும். தொடக்கத்தில் ஒரு மாற்றம் செய்வது மலிவு, போகப்போக விலை ஏறும். இந்த இரண்டும் துறைக்குத் துறை அளவில் மாறினாலும் திசையில் மாறுவதில்லை, நம்பித் திட்டமிடலாம். ஆனால் ‘தேவைகளைத் திரட்டும் நேரத்தில் திருத்தினால் ஒரு ரூபாய், ஒப்படைத்த பிறகு திருத்தினால் நூறு ரூபாய்’ என்று கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மென்பொருள் செலவு மதிப்பீட்டில் முன்னோடியான பேரி போம், விக்டர் பசிலியுடன் சேர்ந்து 2001-இல் எழுதியபோதே, நூறு மடங்கு என்பது பெரிய அமைப்புகளுக்கு, சிறிய, உயிராபத்து போன்ற விளைவுகள் இல்லாத அமைப்புகளில் அது ஐந்து மடங்குக்குப் பக்கத்தில் இருக்கும் என்று பிரித்துக் காட்டினார்கள். இந்த வித்தியாசம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். திருத்தச் செலவு ஐந்து மடங்குதான் ஏறும் இடங்களில், உதாரணமாகத் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதில், மாதக்கணக்கில் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, செய்துபார்த்து மாற்றிக்கொள்ளலாம். தரவின் கட்டமைப்பு, கிளைகளுக்கிடையே கணக்கு ஒத்துப்போகும் முறை போன்றவற்றில்தான் எல்லையை இறுக்கமாக வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் பணிக்கு வருகிறேன். அதில் மிகப் பெரிய சந்தேகம், பழைய பதிவுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதாகத்தான் இருக்கும். இந்த வகைப் பணிகளில் நான் பார்த்தவரை இதற்கு விதிவிலக்கு அரிது. ஏதாவது ஒரு கிளையின் பதிவுகளை எடுத்து விரித்துப் பாருங்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் 01-01-1900 என்று போட்டிருப்பார்கள், ஏனென்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டால் பழைய மென்பொருள் மேலே போக விட்டிருக்காது. ஒரே மனிதர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று பேராக இருப்பார். தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘மகனிடம் கேட்கவும்’ என்றிருக்கும். முகவரிக்கான இடத்தில் ‘மேற்படி’ என்று மட்டும் இருக்கும்; காகிதப் பதிவேட்டில் மேல் வரியைக் குறித்த அந்தச் சொல், கணினியில் வரிசை மாற்றி அடுக்கியதும் யார் முகவரியைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிருக்கும். இதைப் பத்தாம் மாதத்தில் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தேவைகளைத் திரட்டல், வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, தரவு மாற்றம், பயிற்சி, ஒப்படைப்பு என்று மேலாளர் தந்த ஏழு கட்ட அட்டவணையில் தரவு மாற்றம் ஐந்தாவதாகத்தான் வருகிறது. மிகப் பெரிய சந்தேகத்தைக் கடைசிவரை தள்ளிவைக்கும் பிரிப்பு அது.

என்னிடம் விட்டால் இப்படிப் பிரிப்பேன். உங்கள் பணியில் திரும்பிவரக் கடினமான இடங்கள் நான்கு: மென்பொருள் தருபவருடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள், தரவுக் கட்டமைப்பு இதுதான் என்று உறுதிசெய்யும் நாள், முதல் கிளை புதிய மென்பொருளில் வேலையைத் தொடங்கும் நாள், பழைய மென்பொருளில் இனி யாரும் எழுத முடியாது என்று பூட்டும் நாள். நான்கு எல்லைகள் என்றால் ஐந்து கட்டங்கள். பயிற்சிக் குறிப்பில் இருந்த ஐந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் பணியின் இயல்பிலிருந்து வந்த எண் இது. கிளைகளே இல்லாத நிறுவனமாக இருந்தால் மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாகிவிட்டிருக்கும். பிரின்ஸ்2 என்ற பிரிட்டிஷ் முறையில் குறைந்தபட்சம் இரண்டு கட்டங்கள் போதும்: தயாரிப்புக்கு ஒன்று, நிறைவேற்றத்துக்கு ஒன்றாவது. அதிகபட்சம் என்று யாரும் விதி போட்டதில்லை, ஆனால் ஒவ்வோர் எல்லைக்கும் ஆவணம், கூட்டம், காத்திருப்பு என்று ஒரு விலை உண்டு. ஓராண்டுப் பணியில் ஆறு கட்டங்களைத் தாண்டினால் அந்த விலை கட்டுப்படியாகாது என்பது என் சொந்த மதிப்பீடு.

எல்லை எப்படிக் காக்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கட்ட முடிவுக் கூட்டத்தில் ‘வடிவமைப்பு தொண்ணூறு சதவீதம் முடிந்தது’ என்று ஒருவர் சொன்னால், அதில் தகவல் எதுவும் இல்லை. மீதிப் பத்து சதவீதத்தில்தான் தீராத சிக்கல்கள் எல்லாம் ஒதுங்கியிருக்கும். சதவீதத்தைக் கேட்காமல் சான்றைக் கேளுங்கள், அதுவும் கட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட சான்றை. முதல் கட்டத்தின் முடிவுக்கு நான் எழுதும் நிபந்தனை இப்படி இருக்கும்: ‘மிகப் பழைய கிளை ஒன்றின் முழுப் பதிவுகளும் மாதிரித் தரவு அட்டவணைகளுக்கு மாற்றப்பட்டன, மாறாமல் நின்ற பதிவுகளின் எண்ணிக்கை, காரணம்வாரியாக, பட்டியலில் உள்ளது, ஒவ்வொரு காரணத்துக்கும் யார் எப்படித் திருத்துவார் என்பதைக் கிளை மேலாளர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்.’ இதில் ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களுக்கு மட்டுமே இடமுண்டு. சான்றைத் தயாரித்தவரே அதைச் சரிபார்த்தவராகவும் இருக்கக் கூடாது. அடுத்த கட்டத்தில் அந்த வேலையை வாங்கிக்கொள்ளப் போகிறவர் பார்த்து ‘இதை வைத்து நான் தொடங்க முடியும்’ என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பணத்தை முழு ஆண்டுக்கும் ஒரேயடியாக விடுவித்துவிட்டால், நிறுத்துவது என்ற பேச்சே எழாது. அடுத்த எல்லைவரைக்கு மட்டும் விடுவித்தால், ஒவ்வொரு முறையும் யாராவது உண்மையாகவே கேள்வி கேட்பார்கள். உங்கள் மேலாளரிடம் இதைப் பேசுவது எளிதாக இருக்காது என்று தெரியும். ஆனாலும் அட்டவணையைக் காட்டுவதற்கு முன்பே, ‘முதல் கட்ட முடிவில் தரவு மிக மோசம் என்று தெரிந்தால் ஒப்பந்தத்தைத் தள்ளிவைக்க யாருக்கு அதிகாரம்?’ என்று கேட்டுவிடுங்கள். பெயர் ஒன்று வந்தால் அந்த எல்லைக்கு உயிர் உண்டு.

கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியலாமா என்றால், படியலாம். மேல்தளங்களின் வரைபடம் முடியும் முன்பே அஸ்திவாரம் தோண்டுவது கட்டுமானத்தில் அன்றாட வழக்கம். ஆனால் மேல்தளங்களின் மொத்தப் பாரம் எவ்வளவு என்பது அதற்குமுன் தெரிந்திருக்க வேண்டும். சிட்னியில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். உங்கள் பணியில் பயிற்சிப் பாடங்களை முன்கூட்டியே எழுதத் தொடங்கலாம். தரவுக் கட்டமைப்பு உறுதியாகும் முன் பழைய தரவை மாற்றும் நிரல்களை எழுதத் தொடங்கினால் இரண்டு முறை எழுதுவீர்கள்.

சக ஊழியர் சொன்ன இரண்டு வாரச் சுற்றுகளை நான் எதிர்க்கவில்லை. மென்பொருளைச் சிறு சுற்றுகளாகச் செய்து தருவதை வலியுறுத்தி 2001-இல் பதினேழு பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கைக்குப் பிறகு மென்பொருள் உலகம் நிறையவே கற்றுக்கொண்டது. அதற்கும் முன்பே, 1970-இல் மென்பொருள் வல்லுநர் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தேவைகளிலிருந்து இயக்கம்வரை நேராக இறங்கும் படிகளை வரைந்துகாட்டிவிட்டு, இதை இப்படியே செய்வது ஆபத்து, முதலில் சிறிய அளவில் ஒருமுறை கட்டிப்பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருந்தார். படம் மட்டும் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை. ஆனால் சுற்றுகளும் கட்டங்களும் வேறு வேறு வேலையைச் செய்பவை. சுற்று என்பது குழு தன் வேலையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் தாளம். கட்டம் என்பது பணம் கொடுப்பவரும் பயன்படுத்துபவரும் வாக்குறுதி கொடுத்து வாங்கும் இடம். இரண்டாம், மூன்றாம் கட்டங்களுக்கு உள்ளே இரண்டு வாரச் சுற்றுகளை தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய மென்பொருளைப் பூட்டும் முடிவைச் சுற்றின் கடைசி நாள் கூட்டத்தில் எடுக்க முடியாது.

கடைசிக் கட்டத்தை யாரும் ஒழுங்காகத் திட்டமிடுவதில்லை என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம். திட்டப்பணியின் ஆயுள் வேறு, அது உண்டாக்கும் பொருளின் ஆயுள் வேறு. மென்பொருள் பத்தாண்டு ஓடும்; உங்கள் பணி ஓராண்டில் முடிய வேண்டும். எங்கே முடிகிறது என்று முதல் நாளே எழுதாவிட்டால், இரண்டாண்டு கழித்தும் கிளைகளிலிருந்து உங்களுக்கே தொலைபேசி வரும். பராமரிப்புக் குழுவுக்குக் கடவுச்சொற்கள், ஆவணங்கள், தீராத குறைகளின் பட்டியல் கைமாறியது, பழைய தரவின் பிரதி எங்கே எத்தனை ஆண்டு இருக்கும் என்று முடிவானது, மென்பொருள் தருபவரின் கடைசித் தவணை விடுவிக்கப்பட்டது, குழு கலைந்தது: இவை எல்லாம் வேலைகள், இவற்றுக்கு நாட்கள் வேண்டும்.

சதவீதக் கேள்விக்கு எல்லாருக்கும் பொதுவான விடை கிடையாது. பிரெட் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட தன் நூலில், மென்பொருள் பணிக்கு மூன்றில் ஒரு பங்கு திட்டமிடல், ஆறில் ஒரு பங்கு நிரலெழுதல், கால் பங்கு பகுதிச் சோதனை, கால் பங்கு முழு அமைப்புச் சோதனை என்று ஒரு கணக்குக் கொடுத்தார். புதிதாகக் கட்டப்படும் பெரிய மென்பொருள்களில் அவர் பெற்ற அனுபவம் அது. உங்களுடையது மாற்றிவைக்கும் பணி என்பதால் அப்படியே பொருந்தாது. சோதனைக்குப் பாதிக் காலம் என்ற அந்த விகிதத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பன்னிரண்டாவது மாதம் ஒப்படைப்புக்குப் போகட்டும். பழையதும் புதியதும் இணையாக ஓடும் காலத்தில் ஒரு காலாண்டுக் கணக்கு முடிப்பாவது அகப்பட வேண்டும். ஆகவே எல்லாக் கிளைகளும் எட்டாம் மாத முடிவுக்குள் புதியதற்கு வந்தாக வேண்டும். முதல் கிளையில் வரும் குறைகளைத் தீர்த்து மற்றவற்றுக்குக் கொண்டுபோக இரண்டு மாதம் என்றால், முதல் கிளை ஆறாம் மாத முடிவில் தொடங்க வேண்டும். அதற்கு நான்காம் மாத முடிவில் தரவுக் கட்டமைப்பு உறுதியாக வேண்டும், இரண்டாம் மாத முடிவில் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு முன் முடிய வேண்டிய தரவு ஆய்வுக்கு உங்களிடம் இருப்பது இரண்டே மாதங்கள். முதல் இரண்டு மாதங்களுக்கு மட்டும் நாள்வாரியாகத் திட்டம் எழுதுங்கள். அதற்கு அப்பால் உள்ளவற்றுக்குக் குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று வரம்பாகக் கொடுத்துவிட்டு, ஒவ்வோர் எல்லையிலும் அந்த வரம்பைக் குறுக்கிக்கொண்டு போங்கள்.